சுரண்டும் முன் படியுங்கள்: ஃபெரெட் கவச வண்டியின் கோளாறுகளும் பூர்வீகமும்

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் நண்பர் ஒருவருடைய பட்டறைக் கொட்டகையில் ஒரு டெய்ம்லர் ஃபெரெட் நிற்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கவுட் கார், அதாவது வேவு பார்க்கும் கவச வண்டி. நான்கு சக்கரம், இரண்டு ஆள் உட்காரக்கூடிய ஓர் இரும்புத் தொட்டி, பின்னால் ஆறு சிலிண்டர் ரோல்ஸ்-ராய்ஸ் பி60 எஞ்சின். 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் செய்திருக்கிறார்கள். எங்களுடையது மார்க் 1, அதாவது துப்பாக்கிக் கோபுரம் இல்லாமல் மேல்பக்கம் திறந்திருக்கும் வகை. இது சாலையில் ஓடாது. முற்றத்துக்குள் மட்டும்தான்.

முப்பது வருடம் லாரி எஞ்சின்களோடு கழித்தவன் நான். இந்த வண்டியில் மூன்று வருடச் சனிக்கிழமைகள் போயிருக்கின்றன. எது எப்படிக் கெட்டது, காரணத்தை எப்படிப் பிடித்தோம் என்பதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். வண்டியின் கோளாறும் அதன் வரலாறும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. பொருந்தாத போல்ட், விசித்திரமான வெல்டிங், யாரோ கூடுதலாகப் போட்ட துளை, எல்லாமே தடயங்கள். அதனால் எதையும் கழற்றும் முன், தேய்க்கும் முன், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். பிரேக் லைனிங்கிலும் எக்ஸாஸ்ட் சுற்றிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தக் காலத்து டயல்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், டயல் கண்ணாடியைத் திறக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தால் அதற்கு உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது சுற்றவே இல்லை

இது 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால் எர்த் இணைப்பைப் பாருங்கள். மறுசீரமைத்த வண்டிகளில் இதுதான் அதிகம். புதிதாகப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. பட்டையைக் கழற்றி, அடியில் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்துப் பூட்டினால் சரியாகிவிடும்.

இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவது. மற்றது, தீப்பொறி செத்துப்போவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நம் ஊர் வெயிலில் எஞ்சின் அறை மூடியைத் தொடக்கூட முடியாது என்பதால் எல்லோரும் முதலில் பெட்ரோல் ஆவியைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பம்பைப் பிரித்தோம், கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினோம், குழாயைச் சுற்றி வெப்பத் தடுப்பு கட்டினோம். மூன்று சனிக்கிழமை போனது. வண்டி அதே இருபதாவது நிமிடத்தில் நின்றது.

நின்ற அந்த நிமிடத்தில் சோதிப்பதுதான் வழி. ஆறவிட்டால் தடயம் அழிந்துவிடும். எல்லாக் கருவியையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு வண்டியை ஓடவிடுங்கள். நின்றதும் கார்புரேட்டர் வாயில் டார்ச் அடித்து ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிறதா? பீய்ச்சினால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, தீப்பொறிப் பக்கம் போங்கள். பீய்ச்சவில்லை என்றால் பம்பின் மேல் ஈரத் துணி போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஓட ஆரம்பித்தால் ஆவிதான் காரணம். பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் உரிந்து வழியை அடைக்கும்.

எங்கள் வண்டியில் பெட்ரோல் நன்றாகவே பீய்ச்சியது. ரேடியோவில் இரைச்சல் வராமலும் தண்ணீர் புகாமலும் இருக்க, இந்த வண்டியின் இக்னிஷன் முழுவதையும் உலோகக் கவசத்துக்குள் மூடியிருக்கிறார்கள். அதனால் பிளக் வயரைச் சட்டென்று இழுத்துப் பார்க்க முடியாது, நட்டைத் திருகித்தான் எடுக்க வேண்டும். எடுத்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, எஞ்சின் உடம்பில் ஒரு உபரி பிளக்கைப் படுக்கவைத்துப் பார்த்தோம். நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. காரணம் கண்டன்சர், தீப்பொறிச் சுற்றிலுள்ள சின்ன மின்தேக்கி. மூடிய டப்பாவுக்குள் வெந்து வெந்து, சூட்டில் மட்டும் கசியும் நிலைக்கு வந்திருந்தது.

சரி, பழைய ராணுவ இருப்பிலிருந்து பிரிக்காத பெட்டியில் புதுக் கண்டன்சர் ஒன்றை வாங்கி மாட்டினோம். அதுவும் அரை மணி நேரத்தில் செத்தது. காகிதத்தைச் சுருட்டிச் செய்த கண்டன்சர் பெட்டிக்குள் சும்மா இருந்தே கெட்டுப்போகும். அறுபது வருடப் பழைய சாமான் பிரிக்கப்படவில்லை என்பதற்காகப் புதுசாகிவிடாது. இப்போது செய்யப்படும், அதே அளவுள்ள கண்டன்சரை உள்ளே பொருத்தினோம். பழையதை ஒரு உறையில் போட்டு, எடுத்த தேதி எழுதி வைத்திருக்கிறோம்.

இடது மிதி காலை உதைக்கிறது

இதை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள், முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம். ஃபெரெட்டில் இடது கால் மிதி கிளட்ச் இல்லை. கியரை நெம்புகோலில் முன்பே தேர்ந்து வைக்க வேண்டும். அப்புறம் மிதியை ஒரே மூச்சில் தரை வரை அழுத்தி விட வேண்டும், அப்போதுதான் கியர் விழும். வில்சன் வகை கியர்பாக்ஸ் இது. உள்ளே உச்ச கியரைத் தவிர ஒவ்வொரு கியருக்கும் ஒரு பட்டை, உருளையை இறுக்கிப் பிடிக்கும். பட்டை தேய்ந்திருந்தாலோ, நெம்புகோல் இரண்டு கியருக்கு நடுவே நின்றிருந்தாலோ, பாதி மிதித்து விட்டாலோ, உள்ளே பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் ஸ்பிரிங் முழு வேகத்தில் மிதியைத் திருப்பி அடிக்கும். மிதி வழக்கமான இடத்தைவிட வெளியே வந்து நிற்கும். அதைத் திரும்ப உள்ளே தள்ள ஒரு காலின் பலம் போதாது.

அப்படி நின்றுவிட்டால் எஞ்சினை அணையுங்கள். சக்கரத்துக்கு கட்டை வையுங்கள். நெம்புகோலை நியூட்ரலில் வைத்து, இருக்கையில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலாலும் சீராகத் தள்ளுங்கள். குனிந்து கையால் தள்ளக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு கியராகத் தேர்ந்து மிதியை இருபது முறையாவது முழுதாக அழுத்தி விடுங்கள். பட்டைகளைத் தானாக இறுக்கிக்கொள்ளும் அமைப்பு உள்ளே இருக்கிறது, மிதிக்க மிதிக்க அது சரிசெய்யும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எங்களுக்கு இந்த ஒன்றிலேயே மூன்று கியர் திரும்பி வந்தன. நாலாவது மட்டும் வரவில்லை, அதற்குப் பெட்டியைப் பிரித்தோம்.

மிதியின் மேல் காலை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு வரும். இந்த வண்டியில் அதை விட்டுவிடுங்கள்.

கியர் விழுகிறது, எஞ்சின் கத்துகிறது, வண்டி சோம்பலாக நகர்கிறது

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தகடு கிடையாது. எதிரெதிரே இரண்டு கிண்ணம், இடையில் எண்ணெய். ஒரு கிண்ணம் சுற்றினால் எண்ணெய் மற்றதைச் சுற்றும். டெய்ம்லர் கார்களில் 1930 வாக்கிலேயே வந்துவிட்ட ஏற்பாடு. எண்ணெய் குறைந்தால் வழுக்கும். அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் தண்டைச் சுற்றியுள்ள சீல் ஒழுகுகிறது என்று பொருள். எண்ணெயை ஊற்றிக்கொண்டே காலம் தள்ளாமல் சீலை மாற்றுங்கள். நின்ற இடத்திலேயே வண்டி மெல்ல ஊர்ந்தால் அது வேறு விஷயம், ஐடிலிங் அதிகமாக இருக்கிறது.

கான்கிரீட் தரையில் ஓட்ட ஓட்ட வண்டி இறுகுகிறது. திரும்பிய பிறகு ஒரு சத்தம்

முற்றத்தில் எட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். வண்டி யாரோ பிடித்து இழுப்பது போலக் கனத்தது. நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கினேன். டயர் தரையை விட்டதும் யாரும் தொடாமல் படாரென்று கால் சுற்று திரும்பி நின்றது. கை அங்கே இருந்திருந்தால் போயிருக்கும்.

காரணம் வண்டியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஃபெரெட்டில் சாதாரண அச்சு இல்லை. நடுவிலுள்ள ஒரே டிஃபரென்ஷியல் வலம், இடம் என்று சக்தியைப் பிரிக்கிறது. அங்கிருந்து நான்கு தண்டுகள் நான்கு சக்கரத்துக்கும் போகின்றன. ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் பற்களால் பூட்டியவை, ஒரே அளவுதான் சுற்ற முடியும். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட பாதையில் போக வேண்டும். மண்ணில் டயர் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். கான்கிரீட்டில் வழுக்காது. அந்த முறுக்கு தண்டுகளிலும், சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெவல் கியர் பெட்டிகளிலும் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் பெட்டிதான் உடையும்.

டயர் அளவு வேறுபட்டால் நேராக ஓட்டினாலும் இதே கதைதான். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி டேப்பால் சுற்றளவை அளந்தேன். இடது முன்பக்கத்துக்கும் இடது பின்பக்கத்துக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்று பழைய டயர், ஒன்று யாரோ மாற்றிய வேறு தயாரிப்பு. நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் என்பதை ஒரு செலவாகப் பார்க்காதீர்கள். ஒரு பெவல் பெட்டியைத் தேடி வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எங்கள் முற்றத்தின் ஓரத்தில் இப்போது சரளைக்கல் பரப்பியிருக்கிறோம், அதன் மேல் ஒரு சுற்று போனால் முறுக்கு அவிழும். ஓட்டி முடித்ததும் நான்கு பெட்டியையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் எண்ணெயும் டயரும் மறுபடி பார்க்க வேண்டிய நேரம்.

பிரேக் மிதி பஞ்சு போல் இறங்குகிறது

காற்று எடுக்கும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் சில மினரல் எண்ணெயில் ஓடின, சில வழக்கமான பிரேக் திரவத்தில் ஓடின. தவறானதை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். கையேட்டைப் பார்த்து, பழைய திரவத்தையும் சோதித்து, பிறகு ஊற்றுங்கள்.

மழைக்குப் பிறகு தரையில் தண்ணீர்

மேல் திறந்த வண்டி, டிசம்பர் மழை, இதில் ஆச்சரியமில்லை. அடியிலுள்ள வடிகால் மூடிகளைக் கழற்றி வையுங்கள். கவசத் தகடு 6 முதல் 16 மில்லிமீட்டர் தடிப்பு, அதற்கு ஒன்றும் ஆகாது. துருப்பிடிப்பது வெளியே தொங்கும் சாமான் பெட்டிகளின் மெல்லிய தகடு. தார்ப்பாயை வண்டி மேல் ஒட்டப் போர்த்தாமல் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். உள்ளே வேர்த்தால் மழையைவிட மோசம்.

இனி வரலாற்றுப் பக்கத்துக் கோளாறுகள்.

பதிவெண் எங்கேயும் தெரியவில்லை

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவப் பதிவெண் இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்ற அமைப்பில் இருக்கும். முன்னும் பின்னும் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். மேலே எத்தனை பூச்சு ஏறினாலும் எழுத்தின் ஓரத் தடிப்பு அப்படியே இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் போகும்போது எழுத்து நிழலாக எழும். நாங்கள் நான்கு இலக்கத்தையும் ஒரு எழுத்தையும் அப்படித்தான் படித்தோம்.

மீதிக்கு ஈரத்தோடு தேய்க்க வேண்டும். ஒரு வெள்ளிக் காசு அளவு இடம் போதும். 400 எண் உப்புத்தாள், பிறகு 800, பிறகு 1200, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும். மரத்தின் வளையம் போலப் பூச்சுகள் வட்டவட்டமாகத் தெரியும். அடியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பளபளப்பான கரும்பச்சை, அதற்கு மேல் பிற்காலத்து மங்கல் பச்சை, மேலே யாரோ தூரிகையால் அடித்த கடைப் பச்சை. மணல் நிறம் நடுவில் வந்தால் பாலைவன நாடு என்று யோசிக்கலாம், வரவில்லை. எழுத்தின் மேல் மட்டும் இன்னும் கவனமாகத் தேய்த்து, ஆறாவதையும் எடுத்தோம். பக்கவாட்டில் ஒரு வட்டமும் கிடைத்தது. முக்கோணம், சதுரம், வட்டம் என்று படையணியின் உட்பிரிவுகளான ஏ, பி, சி ஸ்குவாட்ரன்களுக்கு அடையாளம் போடுவது வழக்கம், ஆகவே இது சி.

எஞ்சின் எண் தகட்டோடு பொருந்தவில்லை

பொருந்தாமல் இருப்பதுதான் இயல்பு. ராணுவத்தில் எஞ்சினைப் பழுதுபார்க்க வண்டியைக் காத்திருக்க வைக்க மாட்டார்கள். ஒன்றைக் கழற்றி, தயாராக இருப்பதை மாட்டி அனுப்பிவிடுவார்கள். எஞ்சின் எண்ணை வைத்து வண்டியின் கதையைத் தேடாதீர்கள். உடல் எண்ணும் பதிவெண்ணும்தான் அடிப்படை. பெரிய பட்டறையில் முழுதாகப் பிரித்து மாட்டியிருந்தால் அதற்கு ஒரு தனித் தகடு அடித்திருப்பார்கள். பெயிண்டுக்கு அடியில் தேடுங்கள்.

சொன்ன கதை தேதியோடு மோதுகிறது

இதற்கு ஒரு பென்சிலும் காகிதமும் போதும். 1942இல் ஜப்பானியரை எதிர்த்த ஃபெரெட் என்று யாராவது காட்டினால், பிறக்காத வண்டி போர் செய்திருக்க முடியாது. மலாயாப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆர்கைல் படையினர் ஓட்டியது ஆறு சக்கர லான்செஸ்டர். மலாயாவின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி ஃப்ரேசர் மலைப் பாதையில் கொல்லப்பட்டது 6 அக்டோபர் 1951. அந்தப் பாதையிலும் ஃபெரெட் இருந்திருக்காது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான மலாயா அவசரகாலம் 1948இல் தொடங்கி 1960 வரை போனது. அதன் பிற்பகுதியிலும், பிறகு 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதலிலும்தான் ஃபெரெட்டுக்கு இடமுண்டு.

பழைய செய்தித்தாளில் தேடும்போதும் இதே கவனம் வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் இருக்கின்றன. ஆனால் ஃபெரெட் என்று தேடினால் அதிகம் கிடைக்காது. செய்தியாளருக்கு ஸ்கவுட் காரும் கவச காரும் ஒன்றுதான். பொதுப் பெயரைப் போட்டு, படையணியின் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

தடயம் ஒன்று சொல்கிறது, ஆவணம் வேறு சொல்கிறது

எங்கள் வண்டி மலாயாவில் ஓடியது என்று விற்றவர் சொன்னார். நானும் நம்ப ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. வலது பக்கச் சாமான் பெட்டியின் உள்பக்கம், மூடிக் கீலுக்குக் கீழே, சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்த ஓர் எழுத்து. ‘ரா’. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஆழம், கைப்பழக்கம் உள்ளவர் வேலை. துணைக்காலின் வளைவில் மட்டும் ஒரு புள்ளி வழுக்கியிருந்தது.

என் பெரியப்பா இங்கே ஆயர் ராஜாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் 40ஆம் எண் அடிப்படைப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். பிரிட்டிஷார் 1971இல் கிளம்பும்வரை அங்கேதான். பெட்டியைக் கழற்றிக் காரில் வைத்து அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்தார். “நாங்க தகடு வேலை முடிச்சா இப்படித்தான் ஒரு எழுத்து அடிப்போம்ப்பா. திரும்பி வந்தா யாரு கைன்னு தெரியணும்ல” என்றார். யார் எழுத்து என்று கேட்டேன். “ராமசாமி, ராஜு, ராகவன், எத்தனை பேரு இருந்தாங்க” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

அதற்குள் பதிவெண் முழுதாகக் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் பொவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்தின் காப்பகத்துக்கு எண்ணையும் படங்களையும் அனுப்பிக் கேட்டோம். வண்டியின் பதிவு அட்டை நகல் வந்தது. ஜெர்மனியில் இரண்டு படையணி, நடுவில் பிரிட்டனில் ஒரு கிடங்கு, பிறகு விற்பனை. தூர கிழக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

இப்படி மோதும்போது எதையும் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அட்டையில் இடைவெளி இருக்கிறதா என்று தேதிகளை வரிசையாக எழுதினேன். நாட்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின, மலாயா வந்துபோக இடமில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தேன். அதைப் பிடிக்கும் கொக்கியில் ஆறு துளை, வண்டி உடம்பில் நான்கு. இரண்டு துளை எதற்கும் பயன்படவில்லை. பெட்டியின் அடிப்பூச்சும் உடம்பின் அடிப்பூச்சும் ஒன்றல்ல, தேய்த்துப் பார்த்ததில் பெட்டியில் ஒரு வளையம் கூடுதல். கடைசியில் முந்தைய உரிமையாளரின் ரசீதுக் கட்டில் விடை கிடந்தது. ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் சாமான் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்.

ஆக, வண்டி ஜெர்மனிக்காரன், பெட்டி இந்தப் பக்கத்து ஆள். பெட்டி எந்த வண்டியில் இருந்தது, எந்தச் சாலையில் போனது என்பதை ‘ரா’ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கை அதன் மேல் வேலை செய்தது என்பது வரை நிச்சயம். ஆயர் ராஜா என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் எழுதவில்லை.

படையணியின் அன்றாட நடவடிக்கை வேண்டுமென்றால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 305 என்ற தொகுதியைக் கேளுங்கள். போருக்குப் பிந்தைய ராணுவப் பிரிவுகளின் அறிக்கைகள் அதில் இருக்கின்றன. தனித்தனி வண்டி எண் அவற்றில் அரிது. நாளையும் ஊரையும் பிடிக்க உதவும், உங்கள் வண்டி அங்கே நின்றது என்று நிரூபிக்காது.

எங்கள் குறிப்பேட்டில் இப்போது இரண்டு தாள். ஒன்று வண்டிக்கு, ஒன்று அந்தப் பெட்டிக்கு. போன மாதம் வெளிப்பக்கம் முழுவதும் கரும்பச்சை அடித்து முடித்தோம். பெட்டியின் உள்பக்கத்தில் கீலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை இடத்துக்கு மட்டும் டேப் ஒட்டி, பெயிண்ட் படாமல் விட்டிருக்கிறோம்.